போடியாரிடம் வளவு கேட்ட ஸ்டெல்லா அக்காவுக்கு

என் பாசத்துக்குரிய ஸ்டெல்லா அக்கா,

நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. வாவிக்கரைத் தெருப் புதினங்களை வேறு யாரிடம் சொல்வது? அதுதான் உங்களுக்கே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் மகன் பிலிப்பின் செய்தி. மெல்பேர்னில் பக்கத்து வீட்டுக் கிரேக்கப் பெண், "எந்த நாடு?" என்று கேட்டாளாம். இலங்கை என்றானாம். அப்படியானால் போர்த்துக்கீசக் குடும்பப் பெயர் ஏன், வீட்டில் தமிழ் ஏன் என்று அவள் விடவில்லையாம். விளங்கப்படுத்தி முடிக்குமுன் தேத்தண்ணி ஆறிவிட்டது என்று எழுதியிருக்கிறான்.

உங்களுக்கு அது ஒரே வரிதான். "எங்கட ஆக்கள் கப்பலில வந்தவங்க, திரும்பிப் போக மறந்திட்டாங்க" என்பீர்கள். நம் தெருவில் அப்படி மறந்தவர்கள் எத்தனை பேர்! புடவைக்கடை முஸ்லிம் காக்காவின் மூதாதையர் மரக்கலத்தில் வந்தவர்கள். என் அப்பா தூத்துக்குடியிலிருந்து தோணியேறி வந்து, துறையடியில் தேத்தண்ணிக் கடை போட்டவர்.

என் கலியாணம் நினைவிருக்கிறதா? நாங்கள் இருந்த வாடகை வீட்டில் பந்தல் போட முற்றமே இல்லை. வாவியோரத்தில் வெறுங்காணியாகக் கிடந்த வளவு, பெரிய நிலக்காரர் கந்தப்போடியாருடையது. உன்னிச்சை ஊரில் அவருக்குக் கண்ணுக்கெட்டிய தூரம் வயல் வட்டையே இருந்தது. நான்கு நாளைக்கு அந்த வளவைத் தரும்படி அப்பா கேட்கப் போனார். "வந்தான் வரத்தானுக்கெல்லாம் பந்தல் போடுற இடமில்ல இது" என்று போடியார் சொல்லிவிட்டார். அப்பா திரும்பி வந்து, அதைச் சொல்லிவிட்டு அடுப்பை ஊதினார்.

எனக்குச் சட்டை அளவு பார்த்துக்கொண்டிருந்த நீங்கள், வாயில் கடித்திருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தீர்கள். "வா செல்விக்கிளி" என்று மட்டும் சொன்னீர்கள். கலியாணப் பெண் தெருவில் நடக்கலாமா என்று பயந்துகொண்டே பின்னால் வந்து, போடியார் வீட்டு வேலிக்கு வெளியே நின்றேன்.

நீங்கள் சண்டைக்குப் போகவில்லை. அவருடைய பரம்பரையைப் பற்றித்தான் விசாரித்தீர்கள். அது அவருக்கு உயிர். சாய்கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, கலிங்கத்து அரச வம்சம், பாய் விரித்த கப்பல்களில் இங்கே வந்து இறங்கியது என்று அரைமணி நேரம் சொன்னார். கடைசிவரை மரியாதையாகக் கேட்டிருந்தீர்கள்.

பிறகு கேட்டீர்கள்: "அப்ப போடியார், கரையில இறங்கேக்க உங்கட ஆக்களுக்கு ஆர் வளவு குடுத்தது?"

முதலில் சிரிப்புக் கேட்டது வீட்டுக்குள்ளிருந்துதான். போடியாரின் மனைவி! போடியார் உள்ளே திரும்பிப் பார்த்தார், உங்களைப் பார்த்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"பந்தலப் போடச் சொல்லு. கிடுகு நான் அனுப்புறன்."

பந்தல் வேயத் தென்னோலைக் கிடுகோடு இளநீரும் வந்தது. பந்தலில் போடியார் முன்வரிசைக் கதிரையில் இருந்து, அப்பாவின் தோளில் கைபோட்டபடி, அதே கலிங்கக் கதையை மீண்டும் சொன்னார். அப்பா முதல் முறை கேட்பவர் போலத் தலையாட்டினார். அன்றைக்கு அப்பாவின் முகத்தைப் பார்த்தீர்களா அக்கா? இந்த ஊரில் அவர் அப்படிச் சிரித்து நான் அதற்குமுன் கண்டதில்லை.

இன்னொரு புதினம். உங்கள் வீட்டுக்கு மலைநாட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்திருக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் சாப்பாட்டுக்கே கஷ்டப்பட்டு இறங்கி வந்தவர்கள். மனைவி பெயர் தங்கம். மீன் கழுவத் தெரியாது, கற்றுக் கொடுக்கிறேன். நண்டைக் கண்டால் இன்னும் கதவுக்குப் பின்னால் ஓடுகிறாள். "இது யார் வீடுங்க?" என்று நேற்றுக் கேட்டாள்.

வருகிற சகல ஆத்துமாக்கள் திருநாளுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு உங்கள் கல்லறைக்கு வருவேன். எந்த ஊர், எப்படி வந்தாள் என்று விசாரிக்காமல் நீங்கள் விடமாட்டீர்கள். நீண்ட கதை அக்கா. பாயும் கொண்டு வருகிறோம், ஆற அமர இருந்து சொல்ல.

உங்களோடு கூடப்பிறக்காத தங்கச்சி,
செல்வி