மூக்கின் உயரம்

ஜூலை 8, செவ்வாய்

லண்டனில் தூறல். குடை மறந்தாச்சு. கோலியர்ஸ் வுட்டிலிருந்து வேலைவரை ரயிலில் நின்றபடியே.

விடிய எழும்பினால் பூடியின் செய்தி. நான்கு படங்கள். உருளைக்கிழங்குப் பாத்திகளுக்கு நடுவே பள்ளம். அதற்குள் இரண்டு ஆடுகள், கால் நீட்டியபடி. செத்துவிட்டன. பின்னால், அதே பள்ளத்தில் ஊன்றிய கம்பத்தில் எங்கள் பெட்டி. பச்சை விளக்கு எரிகிறது. பச்சை!

ஜாவாவில் எரிமலை மேட்டில் நாற்பது வீடுள்ள ஊர். நிலத்துக்குள்ளிருந்து காபனீரொட்சைட்டு (CO₂) வாயு கசிகிற இடம். ஏழு தோட்டம், ஏழு கம்பம், ஏழு பெட்டி. வாயு கூடினால் அலற வேண்டியது. செய்து அனுப்பியது நாங்கள். நான் அங்கே போனதில்லை. எனக்கு அந்த ஊர் ஒரு ஸ்ப்ரெட்ஷீட். பூடி அங்கே தோட்டக்காரன். பெட்டிகளைத் துடைத்துப் பார்ப்பதும் அவன்தான். என்னை 'மாஸ்' என்பான். அவர்களுடைய அண்ணை.

பெட்டிகள் பதிகிற லாக்கைப் பார்த்தேன். நான்காம் பெட்டி, பூடியின் தோட்டத்தில் இருப்பது: 870 பிபிஎம். அலற 5,000 வேண்டும். சென்சாரில் பிழையில்லை.

ஆடுகள் செத்ததற்கு முதல் நாள் விடிய, அதே பள்ளத்தில் களை பிடுங்கிய அவன் மனைவி யாந்தி தலை சுற்றி வாந்தி எடுத்தாளாம். இதைக் கடைசி வரியில் எழுதுகிறான், மடையன். என்ன நிலையில் வேலை செய்தாள் என்று கேட்டேன். ஒரே சொல் வந்தது: ஜொங்கொக். தேடிப் பார்த்தேன்.

குந்தியிருந்து.

பெட்டி இருப்பது ஒன்றரை மீற்றரில்.

ஜூலை 9, புதன்

வெக்கை. வேலை செய்கிற யூனிட்டில் மின்விசிறி ஒன்று. அது ரூபன் அண்ணையின் மேசையில். கம்பெனி அவருடையது, காற்றும் அவருடையது. ஜெர்மனியிலிருந்து வந்து தொடங்கியவர். ஐந்து பேர் வேலை செய்கிறோம்.

"அண்ணை, வாயு கீழ கிடக்கு. பெட்டி மேல நிக்குது."

"சேர்ட்டிபிக்கற்றில ஒன்றரை எண்டுதானே கிடக்கு. சுவாசிக்கிற உயரம்."

"ஆர் சுவாசிக்கிற உயரம்? அங்க சனம் குந்தியிருந்து வேலை செய்யுது."

"ஏன் குந்துதுகள்? ஸ்டூல் இல்லையே?"

"நீங்கள் ஊரில வெங்காயம் நடேக்க ஸ்டூலிலயோ இருந்தனீங்கள்?"

அண்ணை மின்விசிறியைத் தன் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பினார்.

"ஆடு செத்தது கவலைதான். அதுக்காகப் பேப்பர் மாத்தாமல் ஒரு ஸ்க்ரூ கழட்ட ஏலாது. ஒக்டோபரில புது மொடல் வருகுது. அதில பாப்பம்."

ஒக்டோபரில் அங்கே மழை தொடங்கிவிடும். ஆபத்து இப்போது. குளிர்ந்த விடியல், அசையாத காற்று, வாயு பள்ளத்தில் தண்ணீர் மாதிரித் தேங்கும். வளியை விடப் பாரமானது என்று யாழ்ப்பாணத்தில் ஒன்பதாம் வகுப்பில் பாடமாக்கியது. ஒன்பதாம் வகுப்பு!

நாளை:
– ஏழு பெட்டியின் லாக்கும்
– அந்த வரைபடத்தைக் கீறிய கழுதை யார்?
– பால், முட்டை

ஜூலை 10, வியாழன்

கழுதையைக் கண்டுபிடித்தேன். வரைபடத்தின் மூலையில், 'கீறியவர்' என்ற கட்டத்துக்குள்: என் இனிஷியல்.

ஞாபகம் வந்தது. போன வருடம், ஒரு வெள்ளிக்கிழமை, நாலு மணி. ஹரோவில் சொந்தக்காரப் பிள்ளையின் சாமத்தியவீடு, பூப்பு நீராட்டு. அம்மா போனுக்கு மேல் போன். "வெளிக்கிட்டியோ? வெளிக்கிட்டியோ?" பள்ளிக்கூட வகுப்பறைக்குச் செய்த பெட்டியின் வரைபடத்தைத் திறந்தேன். தலைப்பில் 'வகுப்பறை' அழித்து 'தோட்டம்' போட்டேன். உயரத்தைத் தொடவில்லை. பத்து நிமிடம். பிறகு போய் மூன்று வடை தின்றேன்.

இரண்டு நாளாக ஊரையெல்லாம் திட்டினேன். திட்டு வீடு தேடி வந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்தால் அம்மா குசினியில் பேப்பர் விரித்து, குந்தியிருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தா. மேசை இருக்கிறது. மாபிள் கவுண்டர் இருக்கிறது. அவவுக்கு நிலம்தான். நான் பிறந்த நாளிலிருந்து பார்க்கிற காட்சி இது. இதைப் பார்த்து வளர்ந்தவன்தான் மனித மூக்கு ஒன்றரை மீற்றரில் என்று கீறியிருக்கிறேன்.

அளக்கிற டேப்பை எடுத்து வந்தேன். நிலத்திலிருந்து மூக்குவரை.

"என்ன விசர் வேலை பாக்கிறாய்? எனக்குப் பெட்டி அடிக்கப் போறியே?"

"அசையாதேங்கோ அம்மா."

"மீன் நாறுது, தள்ளி நில்."

52 செ.மீ. குனிந்தால் 45.

நாற்பதில் வைக்க வேண்டும். மூக்குக்குக் கீழே.

ஜூலை 11, வெள்ளி

புது வரைபடம் முடிந்தது. இந்தமுறை இனிஷியல் இல்லை, முழுப் பெயர். ரூபன் அண்ணையின் மேசையில் வைத்தேன்.

"பிழை என்ர. நான்தான் கீறினனான். எழுத்தில குடுப்பம்."

"உனக்கென்ன விசரே? எழுத்தில குடுத்தால் பெட்டி பிழையெண்டு நாங்களே சொன்ன மாதிரி."

"பிழைதானே."

"உன்ர அம்மா கேட்டா எண்டுதான் உன்னை எடுத்தனான் தம்பி."

"அப்ப அம்மாவை வேலையால நிப்பாட்டுங்கோ."

கதவை அடித்துச் சாத்தினேன். அது ஸ்பிரிங் கதவு. மெதுவாகத்தான் மூடியது. அதுவும் ஒரு ஆத்திரம்.

படிக்கட்டில் நின்று பூடிக்கு வரைபடம் அனுப்பினேன். நாற்பது செ.மீ. பழைய சென்சாரைக் கழற்றாதே, ஸ்பேர் ஒன்று உன்னிடம் இருக்கிறது, அதைக் கீழே பூட்டு. மழைக்கும் சேற்றுக்கும் மேலே ஏதாவது கவிழ்த்து வை. பதில்: தன் தோட்டத்தில் உடனே செய்வானாம். மற்ற ஆறும் வேறு ஆட்களின் தோட்டம். கம்பெனி சீல் குத்திய கடிதம் இல்லாமல் ஊர்த் தலைவர் தொட விடமாட்டாராம்.

சீல் இருப்பது ரூபன் அண்ணையின் மேசை லாச்சியில்.

ஜூலை 12, சனி

செய்தி ஹரோ தமிழ்ப் பள்ளிக்கூடத்தைச் சுற்றி, மூன்று மணிக்குள் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. ரூபன் அண்ணையின் மனைவி அங்கே படிப்பிக்கிறா.

"அண்ணைக்கு வாய் காட்டினியாம்?" என்றா அம்மா.

"ஓம்."

"ஏன்?"

சொன்னேன். ஆடு, பள்ளம், யாந்தி, குந்தியிருக்கிறது. அம்மா புளி கரைத்துக்கொண்டே கேட்டா.

"அந்தப் பிள்ளை இப்பவும் அதுக்குள்ளயோ வேலை செய்யுது?"

"ஓம்."

"பிறகேன் இஞ்ச நிண்டு எனக்குக் கதை சொல்லிக்கொண்டிருக்கிறாய்?"

ஜூலை 14, திங்கள்

வெயில். ஆறு மணிக்கு விழிப்பு. பூடியிடமிருந்து பதினொரு செய்திகள்.

அங்கே விடிய ஐந்து பத்துக்கு நான்காம் பெட்டி அலறியிருக்கிறது. யாந்தி பள்ளத்துக்குள் களையோடு. எழும்பி மேட்டுக்கு ஓடியிருக்கிறாள். ஒரு செருப்பு உள்ளே. இருக்கட்டும், கீழ்ச் சென்சாரின் எண் இறங்கும்வரை எடுக்கப் போகாதே என்று எழுதினேன். படம் அனுப்பினான்: கம்பத்தின் அடியில் சென்சார், மேலே கவிழ்த்த சிவப்புப் பிளாஸ்டிக் பேசின்.

ஒரே கம்பம், ஒரே நிமிடம். மேலே: 870. கீழே: 10,000. அதற்கு மேல் அந்தச் சென்சாருக்கு எண்ணத் தெரியாது.

இரண்டு எண்ணையும் ஒரே தாளில் அச்செடுத்தேன். யூனிட்டுக்குப் போய் ரூபன் அண்ணையின் மேசையில், மின்விசிறி பறக்க விடாமல் அதன் காலுக்குக் கீழே செருகினேன். அவர் இன்னும் வரவில்லை. காத்திருக்கவில்லை. சென்சாரை நாற்பதில் பூட்டச் சொல்லிக் கடிதம் அடித்தேன், மற்ற ஆறு தோட்டத்துக்கும் ஆறு பிரதி. லாச்சியைத் திறந்தேன். பூட்டவில்லை. சீலை எடுத்து என் மேசைக்குக் கொண்டுபோய்க் குத்தத் தொடங்கினேன்.

மூன்றாவதில் நிமிர்ந்தால், அவர் தன் மேசையடியில். கையில் அந்தத் தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறார், தெரியாது. நான் நிறுத்தவில்லை. நான்காவது.

"நேராக் குத்தடா," என்றார். "கோணலாக் கிடக்கு."