மஞ்சள் தடவாத மூலை

தூத்துக்குடி
29.9.2024

அன்புத் தங்கை பிரேமாவுக்கு, அண்ணன் செந்தில்வேல் எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். பெர்லினில் குளிர் தொடங்கியிருக்கும். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

காகித மூலையில் மஞ்சளைப் பார்த்ததுமே விஷயம் புரிந்திருக்கும். தினமும் போனில் பேசினாலும், தொழில் தொடங்கும்போது கூடப் பிறந்தவளின் நல்ல வார்த்தை எழுத்தில் வந்தாக வேண்டும் என்பது அப்பா வைத்த வழக்கம். நம் இறால் கம்பெனிக்கு அமெரிக்காவிலிருந்து மூன்று வருட ஆர்டர் வந்திருக்கிறது. இப்போது வாங்கிக்கொண்டிருக்கும் ஸ்பெயின்காரருக்குத் தலையோடு முழு இறாலாக அனுப்பினால் போதும். முப்பது பேருக்குத்தான் வேலை. அமெரிக்காவுக்குத் தலை கிள்ளி, ஓடு உரித்து அனுப்ப வேண்டும். இருநூறு பெண்களுக்கு வேலை. இரண்டையும் நம் இடம் தாங்காது. ஸ்பெயினை விட்டுவிடலாம் என்றிருக்கிறேன். நம் மேஸ்திரி பேச்சித்தாய், பக்கத்துப் புதுக்கோட்டையில் இப்போதே ஒரு வேன் நிறைய ஆள் சேர்த்துவிட்டாள். "அண்ணாச்சி, ஆர்டர எடுத்துட்டியளா?" என்று தினமும் கேட்கிறாள்.

அமெரிக்கத் தேர்தலைப் படிப்பதுதானே உன் உத்தியோகம். எடுக்கலாமா, சொல்.

உன் அண்ணன்
செந்தில்வேல்


பெர்லின்
9.10.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பிரித்தேன். மதினியிடம் கருவாடு கேட்டு மூன்று மாதம் ஆகிறது, ஞாபகப்படுத்து.

இங்கே ரொட்டிக் கடையில் நிற்கும் கிழவர்கூட பென்சில்வேனியாவில் யார் முன்னிலை என்று கேட்கிறார். ஓட்டு அங்கே, கவலை இங்கே. அமெரிக்கா கையை விட்டால் பாதுகாப்புக்கு யார், வியாபாரத்துக்கு யார் என்று மந்திரிகள் வரை எங்கள் ஆய்வு நிறுவனத்துக்கு ஆள் அனுப்புகிறார்கள். அறிக்கை எழுதியே விரல் தேய்ந்துவிட்டது.

நீ தைரியமாகத் தொடங்கு. எல்லாம் நல்லபடியாக நடக்கும். பேச்சித்தாய் அக்காவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்
பிரேமா


தூத்துக்குடி
12.9.2025

பிரேமாவுக்கு,

போனை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டிருந்தாய். எடுத்தால் கத்திவிடுவேன்.

அமெரிக்காக்காரன் நம் நாட்டுச் சரக்குக்கு ஐம்பது சதவீதம் வரி போட்டுவிட்டான். உன் ஐரோப்பாக்காரர்கள் போய்ப் பேசிப் பதினைந்தில் நிறுத்திக்கொண்டார்கள். ஆர்டர் போய்விட்டது. குளிர் அறை நிறைய உரித்த இறால் கிடக்கிறது. வேனை நிறுத்திவிட்டேன். பேச்சித்தாய் பஸ் ஏறி வந்து கேட்டில் நிற்கிறாள். "நான் சேத்த ஆளுக என் வீட்டு வாசல்ல வந்து நிக்காவ அண்ணாச்சி. நான் எங்கன போவேன்?" என்று கேட்கிறாள். அவள் கண்ணில் படாமல் பின்வாசல் வழியாகப் போய்வருகிறேன்.

அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். என் மகள் ஐஸ்வர்யா உன் அறிக்கையை இணையத்தில் கண்டுபிடித்துத் தமிழில் சொன்னாள். இந்த வரி போட்ட ஆள் ஜெயித்தால் வரி நிச்சயம், ஒரே அமெரிக்க வாடிக்கையாளரை நம்பித் தொழில் செய்யாதீர்கள் என்று எழுதியிருக்கிறாய். தேதி அக்டோபர் இரண்டு. எனக்குத் தைரியம் சொன்னது ஒன்பது. நான் ஜெர்மனிக்காரனாகப் பிறந்திருந்தால் தப்பித்திருப்பேன், இல்லையா?

செந்தில்வேல்


பெர்லின்
24.9.2025

அண்ணா,

ஆமாம். எனக்குத் தெரியும்.

உன் கடிதம் வந்த அன்று முதலில் ஒரு பதில் எழுதினேன். ஸ்பெயினை விடாதே, தேர்தல் முடியும்வரை கையெழுத்துப் போடாதே என்று. உறையில் போடும்போது உன் காகிதம் மேஜையில் கிடந்தது. மஞ்சள் தடவிக் கேட்டவனுக்கு ஆகாத சொல்லை எப்படி எழுதுவது? அப்பா கடை திறந்தபோது அத்தை "யோசிச்சிச் செய்யிண்ணே" என்று எழுதியதற்கு, ஏழு வருடம் அவளோடு பேசாமல் இருந்தாரே. கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதினேன்.

முகம் தெரியாதவர்களுக்கு உண்மையைச் சொன்னேன். உனக்கு நல்ல வார்த்தை சொன்னேன். பேச்சித்தாய் அக்கா கேட்டில் நிற்கிற இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். திட்டியாவது எழுது அண்ணா.

பிரேமா


தூத்துக்குடி
10.10.2025

பிரேமா,

மஞ்சள் தடவியது நான். நல்ல வார்த்தைதான் கேட்டேன், உண்மையைக் கேட்கவில்லை. அதை ஒத்துக்கொள்ள எனக்கு இத்தனை நாள் ஆனது.

பழைய ஸ்பெயின்காரர் வேறு இடம் பார்த்துக்கொண்டார். இப்போது பெல்ஜியத்திலிருந்து ஒருவர், உரித்த இறால் முழுவதையும் எடுத்துக்கொள்கிறேன், சரக்கை முதலில் அனுப்பு என்கிறார். இது நடந்தால் வேனை மறுபடி ஓட்டலாம். பேச்சித்தாயிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அழுதேவிட்டாள். இதுவும் போனால் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். எனக்கு வேறு வழி எதுவும் தெரியவில்லை.

அவர் விலாசத்தை இதோடு வைத்திருக்கிறேன். விசாரித்து எழுது. காகிதத்தின் நாலு மூலையையும் பார். மஞ்சள் இல்லை.

அண்ணன்


பெர்லின்
21.10.2025

அண்ணா,

அனுப்பாதே.

ரயில் ஏறி நேரில் போய்ப் பார்த்தேன். அந்த விலாசத்தில் முடிவெட்டும் கடை இருக்கிறது. ஹாம்பர்க்கில் இரண்டு பேர் இதே ஆளிடம் சரக்கைப் பறிகொடுத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த எல்லாரிடமும் உன் இறாலைக் கேட்டுப் பார்த்துவிட்டேன். எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள்.

பேச்சித்தாய் அக்காவிடம் இதை எப்படிச் சொல்வாய்? என் பேரைச் சொல்லியே சொல். பின்வாசல் வழியாகப் போகாதே.

நேற்று தீபாவளி. இன்றைக்கும் உட்கார்ந்து, உனக்கு எழுத ஒரு நல்ல வார்த்தை கிடைக்குமா என்று தேடினேன். இல்லை அண்ணா.

உன் தங்கை
பிரேமா