வாசலில் எல்ஸாவின் பெயர்

புதுக்கோட்டை

அன்புள்ள மாறனுக்கு,

உன் வீட்டுக்காரருக்குக் கொடுக்க என் பெயரில் நீ எழுதி அனுப்பிய மன்னிப்புக் கடிதத்தைக் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்புகிறேன். அதில் இரண்டு பிழைகள். என் வயது எழுபத்தெட்டு, எண்பது அல்ல. “தெரியாமல் செய்துவிட்டேன்” என்பது பொய்.

தெரிந்துதான் செய்தேன். போன வருஷம் நான் வந்திருந்தபோது, ஜெர்மனியில் உன் வீட்டு வாசல் நடைபாதையில் பதித்திருக்கும் உள்ளங்கையளவு பித்தளைத் தகட்டை நீதான் எனக்குப் படித்துச் சொன்னாய். அந்த வீட்டில் வாழ்ந்த எல்ஸா என்ற யூதச் சிறுமியைப் பதினோரு வயதில் நாஜிகள் கொண்டுபோய்க் கொன்றார்கள். அந்தக் குழந்தையின் பெயர் கறுத்துக் கிடக்க, நான் தாண்டிப்போய்ப் பால் வாங்குவதா? புளியைக் கரைத்துக்கொண்டு வந்து தேய்த்தேன்.

“அம்மா, எந்திரிங்க, வீட்டுக்காரர் பாக்குறாரு” என்றாய்.

“பாக்கட்டும்டா. அவரு தேய்ச்சிருந்தா நான் ஏன் குனியப்போறேன்?” என்றேன்.

வெளிநாட்டுக்காரிக்கு இந்தப் பழைய கதை எதற்கு என்று அவர் கேட்டாராம். வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரமாம். வீடு போனால் வேறு வீடு பார். கான்வென்ட்டில் செய்யாத தப்புக்கு ‘சாரி’ சொல்ல மறுத்து, நாள் முழுக்க முட்டி போட்டவள் நான். உன் அப்பாகூட என்னிடம் அதை எதிர்பார்த்ததில்லை.

இந்த வருஷம் வரவேண்டாம் என்று நீ சொல்லவில்லை. குளிர் அதிகம் என்று மட்டும் சொன்னாய். டிக்கெட் எடுத்துவிட்டேன், பதினான்காம் தேதி வருகிறேன். வீட்டுக்காரரிடம் நானே பேசிக்கொள்கிறேன். நீ பக்கத்தில் நின்று, ஒரு வார்த்தை மாற்றாமல் ஜெர்மனில் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
உன் அம்மா