ஆயுள் மாத்திரையும் அரைப் பாயிண்ட்டும்

மார்ச் 4

ஆறாவது மாத்திரை. வாரத்துக்கு ஒன்று, திங்கட்கிழமை காலை. உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குக் கொடுக்கும் பழைய மருந்துதான். இதைத் தின்ற எலிகள் கூடுதல் நாள் வாழ்ந்ததால் இப்போது ஆராய்ச்சியில் சேர்ந்த எங்களுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். எனக்கு வருவது மருந்தா வெறும் மாவா என்று ஆராய்ச்சி டாக்டருக்கே தெரியாதாம். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. மகளுக்கு ஆறு. வேறு காரணம் எழுதத் தேவையில்லை.

மார்ச் 19

கடையில் லென்ஸ் உறையின் பொடி எழுத்தைக் கண்ணாடி போடாமல், கையை நீட்டாமல் படித்தேன். பத்து வருஷமாக முடியாத காரியம். மனைவியிடம் சொன்னேன். "அப்ப இனிமே ஊசியில நூல் கோக்கறது உங்க வேலை" என்றாள்.

மார்ச் 20

மாவு இல்லை. மருந்துதான்.

ஏப்ரல் 2

தெருமுனைப் பெயர்ப்பலகை மங்கல். கடையில் எழுத்து அட்டை முன் நானே உட்கார்ந்து பார்த்தேன். தூரப் பார்வைக்கான பவர் முக்கால் பாயிண்ட் மாறியிருக்கிறது. கிட்டத்தில் தெளிவு, தூரத்தில் கலங்கல். இருபத்தெட்டு வருஷமாகக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன் நான். திடீரென்று பவர் மாறி வருகிறவர்களிடம் முதலில் கேட்பது, "சர்க்கரை பாத்தீங்களா?" என்னிடம் யார் கேட்பது? தாகமும் அதிகம். வெயில் என்று சொல்லிக்கொள்கிறேன்.

ஏப்ரல் 3

மருந்துக் கடையில் விரலைக் குத்திப் பார்த்தேன். வெறும் வயிற்றில் 168. ஆராய்ச்சியில் சேரும்போது 94. சம்மதப் படிவத்தில் அன்றே எழுதியிருந்தது: சர்க்கரையும் கொழுப்பும் கூடலாம், எல்லை தாண்டினால் மருந்து நிறுத்தப்படும். முப்பதாம் தேதி பரிசோதனை. யாரிடமும் சொல்லவில்லை.

ஏப்ரல் 29

இரண்டு நாளாகப் பாதிப் பட்டினி. வயிறு சரியில்லை என்று மனைவியிடம் பொய். நாளை ஒரு நாள் சமாளித்துவிட்டால் போதும் என்றிருந்தேன்.

மதியம் பேருந்து ஓட்டுநர் ஒருவர் வந்தார். போன வாரம் நான் செய்து கொடுத்த கண்ணாடியை மேஜைமேல் வைத்தார். "தலை வலிக்குது சார். எதிர்ல வர்ற வண்டி கலங்கலா தெரியுது." எதிரே இருக்கும் கண்ணாடிக் கடைக்காரரிடம் கொடுத்து அளக்கச் சொன்னேன். அரைப் பாயிண்ட் தப்பு. லென்ஸின் பவர் பார்க்கும் கருவியை என் கண்ணுக்குத் தெளிவாகும்வரை திருப்பியிருக்கிறேன். அந்தக் கண்ணே மாறிக் கிடக்கிறது.

"அம்பது பேர ஏத்திக்கிட்டு ஓட்றவன் சார் நான்."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருக்கலாம். என் கண் மாறியதிலிருந்து செய்த கண்ணாடி முப்பத்தியொன்று. எல்லோரையும் கூப்பிட வேண்டும் — என்ன சொல்லிக் கூப்பிடுவது? உண்மையைச் சொல்லித்தான்.

ஏப்ரல் 30

ரத்தம் எடுக்கும் முன்பே நர்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பட்டினி உட்பட. சிரித்துவிட்டார். "நீங்க சொல்லாட்டியும் தெரிஞ்சிருக்கும் சார். இது மூணு மாசச் சராசரி. ரெண்டு நாள் பட்டினிக்கெல்லாம் ஏமாறாது."

சராசரி 7.9 சதவீதம்; எல்லை தாண்டியாயிற்று. மாத்திரை நின்றது.

வீட்டில் மனைவியிடமும் சொன்னேன். கையிலிருந்த துணியை மடித்து முடித்தாள். பிறகு, "உங்க வயசு தெரிஞ்சுதானே கட்டிக்கிட்டேன்? இத மட்டும் ஏன் மறைச்சீங்க?"

மே 6

முப்பத்தியொன்றையும் அளந்தாயிற்று. நான்கு தப்பு. மாற்றிக் கொடுத்தேன்.

ஜூன் 5

சர்க்கரை 112. பொடி எழுத்து மறுபடி மங்கிவிட்டது. தெருப் பலகை தெரிகிறது. ஆராய்ச்சியில் என்னைப்போல் சர்க்கரை ஏறியவர்கள் இன்னும் ஆறு பேராம். மற்றவர்களுக்கு அளவைக் குறைக்கப் போகிறார்கள். "நிறுத்தாம இருந்திருந்தா ஆயுள் கூடியிருக்குமா?" என்று டாக்டரிடம் கேட்டேன். "எலிக்குக் கூடுது. மனுஷனுக்கு இருபது வருஷம் பாத்துட்டுதான் சொல்லணும்" என்றார்.

ஜூன் 11

மகளின் பள்ளியிலிருந்து படிவம் வந்தது. அப்பா பெயர், அம்மா பெயர். அதன்கீழ் ஒரு வரி: பெற்றோர் இல்லாத நிலையில் பொறுப்பாளர். போன வருஷம் அதை வெறுமையாக விட்டு அனுப்பினேன். இன்று மனைவியின் தங்கை பெயரை எழுதினேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.

மகள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். "ஐ! சித்தி வீட்ல பூனை இருக்கு."