தெரியேல்லை ரீச்சர்

என் குஞ்சு மாலினி,

விடியற்காலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. மானிப்பாய் பஸ்சில் யன்னலோரம் இருந்து வரும்போது தோட்டங்களின் மேல் பனிமூட்டம் படுத்திருந்தது. சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு நீ என்னோடு வரும் மழைநாள் போலவே இருந்தது. நடத்துனர் காசு கேட்டபோது இரண்டு பேர் என்று சொல்லப் பார்த்தேன். கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

நீ மூன்றாம் வகுப்பில் படிப்பித்த பிள்ளைகளை இப்போது நாலாம் வகுப்பில் நான்தான் எடுக்கிறேன். பெரிய வகுப்புகளுக்குக் கணக்குப் படிப்பித்தவளிடம் கதையையும் கட்டுரையையும் தந்தால் என்ன நடக்கும்? முதல் கிழமை சிவப்புப் பேனையோடு கொப்பிகளில் இறங்கினேன். "மாலினி ரீச்சர் உப்பிடித் திருத்திறேல்லை" என்று பிள்ளைகளே தடுத்தார்கள். எழுதியதை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கண்ணை மூடிக் கேட்க வேண்டுமாம். மனதில் படம் வராத இடத்தில் "தெரியேல்லை" என்று சொல்ல வேண்டுமாம். எழுதிய பிள்ளை அந்த இடத்தைத் திரும்ப எழுதுமாம். வீட்டில் என்னிடம் இதைப் பற்றி மூச்சே விடவில்லையே, கள்ளி!

உன் ஆண்டுத் திவசம் வருகிறது. நினைவு மலருக்கு எழுதித் தரும்படி அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு ஒரு வரியும் வரவில்லை. சுன்னாகத்து அச்சகத்தில் அஞ்சலியை ஆயத்தமாகவே வைத்திருக்கிறார்கள், பெயரை மட்டும் மாற்றினால் போதும். "அன்பின் உறைவிடமே, பண்பின் பெட்டகமே" என்று தொடங்கும் ஒன்றை வாங்கி வந்தேன். அதற்குள் உன்னைத் தேடித் தேடி அலுத்துப்போனேன். இனி ஊரார் கையில் இந்த மாலினிதான் இருக்கப் போகிறாளா?

கடைசியில், பெயரைச் சொல்லாமல் அதை வகுப்பில் வாசித்தேன். எல்லோரும் கண்ணை மூடினார்கள். முதல் வரியிலேயே "தெரியேல்லை ரீச்சர்" என்று எல்லாப் பக்கத்தாலும் குரல்.

"ஆர் ரீச்சர் இவ?" என்று கேட்டாள் முன்வாங்கு ஆரணி.

"மாலினி ரீச்சர்."

ஆரணி கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "இல்லை. அவ உப்பிடியில்லை."

"அப்ப எப்பிடி? சொல்லுங்கோ பாப்பம்."

சொன்னார்கள், குஞ்சு. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நீ சைக்கிளில் வருவதை. பிள்ளைகளின் மாங்காய்த் துண்டை உப்புத்தூளோடு கேட்டு வாங்கித் தின்பதை. கோபம் வந்தால் யன்னல் பக்கம் திரும்பி நின்றுவிட்டுச் சிரிப்போடு திரும்புவதை. நான் கரும்பலகையில் எழுத எழுத, வெட்டவும் சொன்னார்கள். "நல்லவ எண்டு போடாதேங்கோ. மாங்காயைச் சொன்னாக் காணும்" என்றாள் ஆரணி. காய்ச்சலோடு வந்து, மேசையில் தலைவைத்தபடி அவர்களின் கதைகளைக் கேட்ட உன் கடைசி நாளையும் சேர்த்தார்கள். அதை நான் அப்போதுதான் கேள்விப்பட்டேன். அன்றைக்கு நீ வீட்டில் படுத்திருக்கக் கூடாதா?

அச்சகத்துக்காரர் தயங்கினார். "மாங்காயெல்லாம் நினைவு மலரிலை போடுறதோ, ரீச்சர்?"

"ஓம், போடுங்கோ" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் தாளை அச்சுக்கு எடுத்துக்கொண்டார்.

அச்சடித்த மலரை இன்று வகுப்பில் வாசித்தேன். ஓரிடத்திலும் "தெரியேல்லை" என்ற குரல் எழவில்லை. வெளியே கூரையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வாசித்து முடித்து, "இனிக் கண்ணைத் திறவுங்கோ" என்றேன். ஒருவரும் திறக்கவில்லை.

"கொஞ்சம் பொறுங்கோ ரீச்சர்" என்றாள் ஆரணி. "அவ இன்னும் நிக்கிறா."

நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் கணக்குக்கே திரும்பப் போகக் கேட்கலாம் என்று இருந்தேன். கேட்க மாட்டேன். இந்தப் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்புக்குப் போன பிறகு வருகிறவர்களுக்கும் நானே எழுதப் படிப்பிப்பேன், உன் முறையில். இது உனக்குத் தருகிற வாக்கு.

உனக்கு முன்னே பிறந்து, உனக்குப் பின்னும் இருக்கிற
அக்கா