ஆட்டோ கிடந்த இடம்

ஆகஸ்ட் 3, வியாழன்
பதினோராம் வகுப்புக்கு உந்த மாறா விதி தொடங்கினேன். மோதலுக்கு முன் இருந்த மொத்த உந்தம் பின்னும் இருக்கும் என்கிறேன், கடைசி பெஞ்சு கொட்டாவி விடுகிறது. தம்பி அதீப் சோறு ஆறிய பிறகு பைக்கை உறுமவிட்டுக்கொண்டு வந்தான். எங்கேடா தீப்பிடித்தது என்று திட்டினேன். அம்மா வழக்கம்போல் வக்காலத்து: "எம்புள்ள மெதுவாத்தான் வருவான்."

ஆகஸ்ட் 5, சனி
அதீப் போய்விட்டான்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்
தெருமுனைதான். சத்தம் கேட்டு முதலில் ஓடியவள் நான். குறுக்குத் தெருவிலிருந்து மெயின் ரோட்டில் பாய்ந்திருக்கிறான். பைக் ஆட்டோவின் விலாவில் செருகி, இரண்டும் குறுக்குத் தெருவுக்கு நேரெதிரே தையல்கடைப் படியில் கிடந்தன. அவன் கிடந்ததை எழுத முடியாது.

கவிழ்ந்த ஆட்டோவைக் கண்டால் நம் ஜனங்களுக்குக் கை சும்மா இருக்காது. நிமிர்த்தி, மெயின் ரோட்டோரமாகத் தள்ளிப்போய் நிறுத்திவிட்டார்கள். போலீஸ் அங்கே அளந்தது. ஆட்டோ வேகமாக வந்து இடித்து இழுத்துப்போனதாம். டிரைவர் ஜானகிராமன் முறிந்த காலோடு ஆஸ்பத்திரியில், வாசலில் போலீஸ் காவல். அவர் ஜெயிலுக்குப் போகவேண்டும் என்கிறாள் அம்மா. எனக்கும் அதே ஆத்திரம்.

ஆகஸ்ட் 17, வியாழன்
போர்டில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அம்புக்குறி போட்டேன். ஆட்டோ வேகமாக வந்திருந்தால், மோதிய இரண்டும் மெயின் ரோட்டுப் போக்கில் அல்லவா போயிருக்கும்? போனது இவன் வந்த போக்கில். அவ்வளவு கனத்தை ஒரு பைக் தள்ளியிருக்கிறது என்றால் — எவ்ளோ வேகம்டா பாவி?
பாடத்தை முடிக்கவில்லை.

ஆகஸ்ட் 19, சனி
தையல்கடை பக்கிரியிடம் கேட்டேன். ஆட்டோ கிடந்த இடம் அவருக்கும் தெரியும். "உங்க வூட்டுத் துக்கம், நா எப்படிம்மா வாயத் தொறக்கறது?"
நானும் திறக்காவிட்டால்? செத்தவன் செத்தான். அந்த மனுஷன் உயிரோடு இருக்கிறாரே.

ஆகஸ்ட் 21, திங்கள்
ஸ்டேஷனில் சொல்லிவிட்டேன். அம்மாவிடமும்.
"செத்தும் அவன உடமாட்டியாடீ?"

செப்டம்பர் 4, திங்கள்
ஜானகிராமனை விட்டுவிட்டார்கள். அம்மா சோறு வைக்கிறாள், முகம் பார்ப்பதில்லை. பாவி மாதிரி சாப்பிடுகிறேன்.

செப்டம்பர் 13, புதன்
நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்தது. எல்லாரும் போன பிறகு அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.
"அவ்ளோ வேகமாவா போனான்?"
ஆமாம் என்றேன்.
"அப்ப ஒடனே உசுரு போயிருக்கும். வலிச்சிருக்காதுல்ல?"
வலித்திருக்காது என்றேன். என் தோளில் சாய்ந்து அழுதாள்.
நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அக்கா, அக்கா என்று முனகிக்கொண்டிருந்தான்.