சஃபாரியின் விலை

அதிராம்பட்டினம்
12.3.2008

என்னங்க, அஸ்ஸலாமு அலைக்கும்.

சஃபாரி காரை விற்றுப் பணம் அனுப்பினால், இன்னும் இரண்டு வருஷத்துக்கு விசாவைப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தீர்கள். தஞ்சாவூரிலிருந்து வண்டி புரோக்கர் வந்தார். நீங்கள் எட்டே முக்கால் லட்சம் கொடுத்து எடுத்த வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, "ஒண்ணரைக்கு மேல போகாதும்மா. ஒம்பது வருஷ வண்டி. ஆனா ஓடவே இல்லையே, ஏன்?" என்றார்.

ஒன்பது வருஷத்தில் நீங்கள் ஊருக்கு வந்தது மூன்றே தடவை.

இவ்வளவு எழுதுவதற்குள் இரண்டு முறை எழுந்துபோய் வண்டியைப் பார்த்துவிட்டு வந்தேன்.

கோபிக்காதீர்கள். சாவியைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நம் சபிஹாவைப் பள்ளியில் விட்டுவிட்டு, இரண்டு மாதமாக டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். போன வாரம் லைசென்ஸ் வந்தது. நேற்று அவளை உட்கார வைத்துப் பட்டுக்கோட்டை வரை ஓட்டினேன். கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. நான் வண்டியை நிறுத்தவில்லை.

"உம்மா, வாப்பாவை நாமளே போய்க் கூட்டியாந்துடலாமா?" என்று கேட்டாள்.

பணம் அனுப்பப் போவதில்லை. நீங்கள் வரும் தேதியை மட்டும் எழுதுங்கள். திருச்சி விமான நிலைய வாசலில் வண்டியோடு நிற்கிறேன்.

உங்கள் மகளின் உம்மா